வரம்பைத் தாண்டாமல் எறிந்தும் 12 வயதுப் பிட்சருக்கு முழங்கை வலி ஏன் வருகிறது?

ஹோம்பிளேட்:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 12 வயது. மூன்று ஆண்டுகளாகப் பேஸ்பால் ஆடுகிறான். அதில் கடைசி இரண்டு ஆண்டுகள் பிட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பந்தை எறிபவனாக, ஆடுகிறான். மூன்று வாரங்களாக வலது முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்கிறான். எறியும்போது வலி எடுக்கும், ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்றுக் காலை பல் துலக்கும்போது பிரஷை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டதைக் கதவருகில் நின்று பார்த்தேன். கேட்டதற்கு, "மடக்கினால் இழுக்கிறது" என்றான்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி.யும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, 11, 12 வயதினருக்கு ஒரு நாளைக்கு 85 பந்துகள் என்ற வரம்பை நான் ஒருமுறைகூட மீறவிட்டதில்லை. இந்தப் பருவத்தில் அவன் அதிகமாக எறிந்தது 72 பந்துகள். 66க்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு என்ற விதியையும் கடைப்பிடித்தோம். இத்தனைக்குப் பிறகும் ஏன் வலிக்க வேண்டும்? வளரும் பிள்ளைகளுக்கு இது இயல்பு, ஐஸ் வைத்தால் போதும் என்று அணிப் பயிற்சியாளர் சொல்கிறார். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது.

இயன்முறை:

ஐயா, சனிக்கிழமை ஆட்டத்தை மறந்துவிடுங்கள். எலும்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவன் ஒரு பந்தைக்கூட எறிய வேண்டாம். நான் இளம் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் முழங்கையின் உட்புறம் வலி, முழுவதும் மடக்கவோ நீட்டவோ இயலாமை, 12 வயது, பிட்சர் என்ற நான்கும் ஒன்றுசேர்ந்தால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது "லிட்டில் லீக் எல்போ" என்று பெயர் பெற்ற பாதிப்புதான்.

பெரியவர்களின் முழங்கைக்கும் சிறுவர்களின் முழங்கைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். பந்தை எறியக் கை பின்னோக்கிச் சாய்ந்து முன்னே பாயத் தொடங்கும் கணத்தில், முழங்கையின் உட்புறம் பிளந்து திறப்பதுபோல் இழுபடுகிறது, வெளிப்புறம் நசுங்குகிறது. உட்புறத்து இழுவையைத் தாங்கும் லிகமென்ட்டும் (எலும்புகளை இணைக்கும் நார்) முன்கைத் தசைகளும் மேற்கை எலும்பின் கீழ்முனையில் உள்ள ஒரு சிறிய மேட்டில் பற்றியிருக்கின்றன. பெரியவர்களுக்கு அந்த மேடு எலும்போடு எலும்பாக இணைந்துவிட்டது. சிறுவர்களுக்கோ அது வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்பால் ஒட்டவைக்கப்பட்ட தனித் துண்டு. ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 17 வயதுக்குள்தான் அது முழுமையாக இணைகிறது. ஆகவே அளவுக்கு மீறி இழுத்தால் பெரியவர்களுக்கு லிகமென்ட் கிழிகிறது, சிறுவர்களுக்கு அந்த ஒட்டு விலகத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால், ஒரே ஓர் எறிதலில் துண்டு முழுவதுமாகப் பிய்ந்து வருவதும் உண்டு.

வளரும் பிள்ளைக்கு மூட்டில் வலி வருவது இயல்பு என்ற சொல் மிகவும் தவறானது. பந்து எறியும் கையின் தோளிலோ முழங்கையிலோ வலி வந்தால் அது இயல்பல்ல.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 72 என்பது எதன் எண்ணிக்கை? எத்தனை அணிகளில் ஆடுகிறான்? பிட்சராக இல்லாதபோது எந்த இடத்தில் நிற்கிறான்? ஆட்டத்துக்கு முன் எத்தனை பந்துகள் எறிகிறான்? தனிப் பயிற்சி வகுப்பு உண்டா? ஆண்டில் எத்தனை மாதம் கைக்குப் பந்தே இல்லாமல் இருக்கிறது?

பயிற்சிக்களம்:

பதினொரு ஆண்டுகளாகச் சிறுவர் அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். எண்ணிக்கை வரம்பு பயனற்றது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். ஒரு சிறுவன் எத்தனை இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் ஆட்டமிழக்கும்வரையிலான சுற்று) எறியலாம் என்று மட்டும் விதி இருந்த காலத்தில், ஒரே இன்னிங்ஸில் 40 பந்துகள் எறிந்த பிள்ளையும் 10 பந்துகளில் முடித்த பிள்ளையும் ஏட்டில் சமமாக இருந்தார்கள். சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007இல் அதைக் கைவிட்டுப் பந்து எண்ணிக்கைக்கு மாறியது பெரிய முன்னேற்றம். ஆனால் வரம்புக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதைத் தாண்டினால் ஆபத்து உறுதி என்பதே பொருள். கை தளர்ந்துவிட்ட பிள்ளையை 50 பந்துகளிலேயே இறக்க வேண்டியிருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டியவர் பயிற்சியாளர். ஐஸ் வைத்து ஆடச் சொன்னவர் அந்தப் பொறுப்பிலிருந்து தவறிவிட்டார் என்பதே என் கருத்து.

ஹோம்பிளேட்:

இயன்முறை அவர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டு நேற்றிரவு மகனோடு உட்கார்ந்து, சென்ற ஒரு வாரத்தை நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு வாயடைத்துப் போயிற்று.

சனிக்கிழமை ஆட்டத்தில் 72 பந்துகள். ஆட்டத்துக்கு முன் தயார்ப்படுத்திக்கொள்ள ஏறத்தாழ 30. ஐந்து இன்னிங்ஸ் எறிந்தான்; ஒவ்வொன்றும் தொடங்கும் முன் 8 என்று 40. அன்று மட்டும் 142. ஞாயிற்றுக்கிழமை அவன் இன்னோர் அணிக்காகக் கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்) நான்கு இன்னிங்ஸ் இருந்தான். பிட்சருக்குத் திருப்பி எறிந்ததும் இரண்டாம் தளத்துக்கு (பேஸ்) எறிந்ததுமாக ஒரு 70. திங்களும் வியாழனும் அணிப் பயிற்சி, பந்தைப் பிடித்து முதல் தளத்துக்கு எறிவது நாளுக்கு 60 வீதம் 120. புதன்கிழமை தனிப் பயிற்சி வகுப்பில் 45. கூட்டினால் 377.

ஓய்வு நாள்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த அந்த நான்கு நாள்களில் செவ்வாய்க்கிழமை ஒன்றில்தான் அவன் கை ஓய்ந்தது. கடைசியாகப் பந்தைத் தொடாமல் இருந்த மாதம் எது என்று கேட்டேன். இருவருக்கும் நினைவில்லை.

இயன்முறை:

இந்த நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் கண்டது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. உயர்நிலைப் பள்ளிப் பிட்சர்களை ஆட்ட நாளில் பின்தொடர்ந்து எண்ணிய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்கள் எறிந்த பந்துகளில் சுமார் 42 விழுக்காடு ஆட்டக் கணக்கில் சேராதவை என்று அது காட்டியது. எல்லாம் ஆட்டத்துக்கு முன்பும் இன்னிங்ஸ்களுக்கு இடையிலும் எறிந்தவை.

377 எறிதல்களும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கேட்சர் நின்றபடி மெதுவாகத் திருப்பி எறிவதும், பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து முழு வலுவோடு எறிவதும் முழங்கைக்கு ஒன்றாகா. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த கைக்கு மெதுவான எறிதலும் ஓய்வைப் பறிக்கிறது. ஓர் ஆட்டத்தில் 41 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்த பிட்சர் அன்றைய தினத்தில் கேட்சராக நிற்கக் கூடாது என்று லிட்டில் லீக் விதித்திருப்பது அதனால்தான். அந்த விதி அதே நாளோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் வேறோர் அணியில் நிற்பதை அது தடுப்பதில்லை. பல அணிகளில் ஒரே பருவத்தில் ஆடுவதைத் தவிர்க்கச் சொல்லும் பிட்ச் ஸ்மார்ட், ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் எறியாமல் இருக்கவும், அவற்றில் இரண்டு மூன்று மாதங்களாவது தொடர்ச்சியாக அமையவும் சொல்கிறது. எண்ணிக்கை அட்டவணையை அச்செடுக்கும் பெற்றோர் பலர் இந்தப் பகுதியை அச்செடுப்பதில்லை.

வேகப்பந்து:

மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். என் மகனுக்கு 15 வயது. தேர்வு முகாமுக்குப் போனால் அங்கே நிற்பவர்கள் கையில் ராடார் கருவிதான் இருக்கிறது. பிள்ளை எத்தனை மாதம் ஓய்வெடுத்தான் என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை மைல் வேகம் என்றுதான் கேட்கிறார்கள். நான்கு மாதம் பந்தைத் தொடாத பிள்ளை பின்தங்கிவிடுகிறான், அந்த இடத்தை இன்னொருவன் எடுத்துக்கொள்கிறான். எடை கூடிய பந்துகளை வைத்து ஆறு வாரப் பயிற்சி எடுத்தபின் என் மகனின் வேகம் கண்கூடாக ஏறியது. வலி ஏதும் இல்லை. அளவோடு செய்தால் உழைப்பு கையை வலுவாக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பழைய பிட்சர்:

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. என் தந்தைக்கும் அதே கவலை இருந்தது. எனக்கு 16 வயதில், ஒரே வார இறுதியில் மூன்று ஆட்டங்கள் எறிந்தேன். மூன்றாவது ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் இரண்டு வலி மாத்திரைகளை நானே விழுங்கினேன், எவரும் வற்புறுத்தவில்லை. நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்து கையை விட்டுப் போனபோது, நனைந்த கயிறு அறுவதுபோல் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. விரல் நுனிகள் மரத்துப் போயின. பந்து கேட்சரை எட்டவேயில்லை.

லிகமென்ட்டை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 14 மாதம் கழித்து மேட்டில் ஏறினேன். பழைய கை திரும்பவில்லை. இந்தச் சிகிச்சையை 1974 செப்டம்பரில் மருத்துவர் பிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989வரை எறிந்து, சிகிச்சைக்குப் பின் மட்டும் 164 வெற்றிகள் பெற்றார். அந்தப் பெருமைமிக்க கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கத்தி வைத்தால் கை முன்னிலும் வலுவாகும் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். அது உண்மையல்ல. திரும்பி வந்தவர்கள் வேகமாக எறிந்தால், அதற்குக் காரணம் அந்த ஓராண்டு முழுவதும் அவர்கள் கால், இடுப்பு, தோள் தசைகளுக்குச் செய்த உழைப்பு. அந்த உழைப்பைக் கத்தி இல்லாமலே செய்யலாம். 2007 முதல் 2011வரை அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களைக் கணக்கிட்ட ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் 15 முதல் 19 வயதினர்.

மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு முன் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள்.

இயன்முறை:

வேகப்பந்து அவர்களே, உங்கள் மகனுக்கு வேகம் ஏறியது என்பதை நான் மறுக்கவில்லை. 2018இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, 13 முதல் 18 வயதுவரையுள்ள 38 பிட்சர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆறு வாரம் எடைப்பந்துப் பயிற்சி அளித்தது. அவர்களின் வேகம் 3.3 விழுக்காடு கூடியது. அதே பிரிவில் 24 விழுக்காட்டினருக்குக் கையில் காயம் ஏற்பட்டது. மற்றப் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. தோள் பின்னோக்கிச் சுழலும் அளவு அந்த ஆறே வாரத்தில் கூடியிருந்தது. வேகத்தைக் கொடுத்ததும் காயத்தைக் கொடுத்ததும் அதுவாக இருக்கலாம் என்பதால், வளர்ச்சித் தட்டு மூடாத பிள்ளைக்கு அந்தப் பயிற்சியை நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் மகன் நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆயினும் தோள் சுழலும் அளவை ஒருவரிடம் அளந்து பார்த்துவிடுங்கள்.

உழைப்பு கையை வலுவாக்கும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். எந்த உழைப்பு என்பதில்தான் வேறுபடுகிறேன். முதிர்ந்த பிட்சர் ஒருவர் முழு வேகத்தில் எறியும்போது முழங்கையில் ஏறும் திருகு விசை 64 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகிறது. லிகமென்ட்டை மட்டும் தனியே சோதித்தபோது அது ஏறத்தாழ 32இலேயே அறுந்தது. அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் அறாமல் காப்பது எது? மீதிச் சுமையை ஏற்பவை முன்கைத் தசைகளும் மூட்டின் எலும்பமைப்பும். தசை தளர்ந்தால் அந்தப் பங்கு லிகமென்ட்டின் தலையில் விழுகிறது. சிறுவனாக இருந்தால் வளர்ச்சித் தட்டின் தலையில். அறுவைச் சிகிச்சைவரை போன இளைஞர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், கை தளர்ந்த நிலையில் அடிக்கடி எறிந்தவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு என்று தெரியவந்தது. ஓர் ஆட்டத்தில் 80 பந்துகளுக்கு மேல் எறிந்தவர்களுக்கு அது 4 மடங்குதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே பயிற்சி என்றால் முதலில் கால்களும் இடுப்பும். எறியும் விசை தரையிலிருந்து காலேறி, இடுப்பேறி, முதுகு வழியாகத் தோளுக்கு வருகிறது; கீழே குறைந்ததைக் கை ஈடுகட்ட முயலும்போதுதான் கை கெடுகிறது. ஒற்றைக் காலில் நின்று மெல்ல உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். 12 வயதுப் பிட்சர்கள் பலருக்கு முழங்கால் உள்ளே சரியும், இடுப்பு ஆடும். அதைச் சரிசெய்த பிறகு தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளுக்கும், தோளின் பின்புறத் தசைகளுக்கும் ரப்பர் பட்டை வைத்து மெதுவான பயிற்சி. எறியும் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் நீட்டல் பயிற்சி நாள்தோறும். தூக்கமும் வேண்டும்.

கேட்சரின் அம்மா:

இங்கே எல்லோரும் தளர்ச்சி என்கிறீர்கள். பிள்ளை தளர்ந்துவிட்டான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "கை எப்படி இருக்கிறது?" என்று என் மகனைக் கேட்டால், நூறு முறையும் "நன்றாக இருக்கிறது" என்பான். மேட்டிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. நான் கண்டுபிடித்த வழி, கையைப் பற்றிக் கேட்காமல் இருப்பது. ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொல்வேன். எந்தக் கையால் திறக்கிறான் என்று பார்ப்பேன்.

வளைந்து இறங்கும் கர்வ் பந்தைப் பற்றியும் யாராவது விளக்க முடியுமா? அதுதான் முழங்கையைக் கெடுக்கிறது என்று ஒரு தரப்பும், இல்லை என்று ஒரு தரப்பும் சொல்கிறார்கள்.

பயிற்சிக்களம்:

அம்மா, தண்ணீர்ப் பாட்டில் யோசனை மிக நல்லது. நானும் கடைப்பிடிக்கப் போகிறேன். மைதானத்தில் நான் பார்ப்பவை வேறு. தொடர்ந்து இரண்டு மூன்று பந்துகள் உயரே போகத் தொடங்கும். எறியும்போது முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கும். பந்துக்கும் பந்துக்கும் இடையே நேரம் எடுத்துக்கொள்வான், கையை உதறுவான், தொப்பியைச் சரிசெய்வான். இடுப்பு திறக்கும் முன்பே தோள் திரும்பிவிடும். இவற்றில் இரண்டைக் கண்டால் எண்ணிக்கை 30 ஆனாலும் இறக்கிவிடுவேன்.

கர்வ் பந்தைப் பொறுத்தவரை, ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது அது முழங்கையில் ஏற்றும் விசை வேகப்பந்தைவிட அதிகமாக இல்லை. அங்கே எறிந்தவர்கள் தளராத கையோடு, சரியான முறையில் எறிந்தவர்கள். சிறுவன் தெரியாத முறையில் மணிக்கட்டை முறுக்கினால் கதை வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், கர்வ் பந்தால் எதிரணி திணறுவதைக் கண்ட பயிற்சியாளர் அந்தப் பிள்ளையையே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏற்றுவதுதான். முதலில் வேகப்பந்து, பிறகு வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப், கர்வ் கடைசியில் என்பதே என் வரிசை.

வெற்றிக்காகப் பிள்ளையை ஏற்றும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஜப்பானைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கோஷியன் போட்டியில், 2013 வசந்த காலத்தில் தொமொஹிரோ அன்ராகு என்ற 16 வயதுப் பிட்சர் ஐந்து ஆட்டங்களில் 772 பந்துகள் எறிந்தார். அதை வீரம் என்று போற்றியவர்கள் அன்று ஏராளம். 2019 ஜூலையில் ஓஃபுனாத்தோ பள்ளியின் பயிற்சியாளர், கோஷியனுக்குத் தகுதி பெறும் இறுதி ஆட்டத்தில் தம் அணியின் ரோக்கி சசாகியை மேட்டில் ஏற்றவே இல்லை. அணி 12-2 என்று தோற்றது. பயிற்சியாளரைக் கண்டித்துப் பள்ளிக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. பள்ளிப் பிட்சர்களுக்கு ஒரு வாரத்தில் 500 பந்துகள் என்ற வரம்பு 2020இல் வந்தது. சசாகி 2022இல், 20 வயதில், 19 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்கச் செய்து (ஸ்டிரைக்-அவுட்), எதிரணியில் ஒருவர்கூடத் தளத்தை எட்டாத பெர்ஃபெக்ட் கேம் எறிந்தார். அவருக்குப் பின்னாளில் காயமே வரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, வந்தது. ஆனால் 17 வயதில் கெடாமல் அந்தக் கை தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை கொண்டு சேர்ப்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை.

ஹோம்பிளேட்:

மருத்துவரைப் பார்த்துவிட்டோம். ஒப்பிடுவதற்காக இரு முழங்கைகளையும் எக்ஸ்-ரே எடுத்தார். இரண்டையும் ஒளித்திரையில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது எனக்கே தெரிந்தது: இடது முழங்கையில் அந்தக் குருத்தெலும்பு மெல்லிய கோடாக இருக்கிறது, வலதில் அந்தக் கோடு அகன்றிருக்கிறது. துண்டு விலகவில்லை, அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்றார். ஆறு வாரம் எறியவே கூடாது. முதல் மூன்று வாரம் மட்டையும் வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போன மாதமே வலித்தது அப்பா, சொன்னால் என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்" என்றான். மூன்று வாரம் என்று நான் இங்கே எழுதியது தவறு. இரண்டாவது அணியிலிருந்து விலகிவிட்டோம். முதல் அணியின் பயிற்சியாளரிடம் எக்ஸ்-ரேயையும் நோட்டையும் காட்டினேன். அவர் நோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

இயன்முறை:

நல்ல வேளையாகத் தக்க தருணத்தில் கொண்டுபோனீர்கள். ஆறு வாரம் முடிந்ததும் நேராக மேட்டுக்குப் போய்விட வேண்டாம். தொட்டால் வலி இல்லை, கை முழுவதும் மடங்கி நீள்கிறது, இரு கைகளின் வலுவும் ஏறத்தாழ சமம் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, சமதரையில் குறைந்த தூரத்தில் 25 பந்துகள் மெதுவாக எறியட்டும். மறுநாள் எறிய வேண்டாம். வலி இல்லாவிட்டால் தூரத்தைக் கூட்டுங்கள், தூரம் கூடிய பின்னரே எண்ணிக்கையை, அதற்கும் பின்னரே வேகத்தை. ஒரு படியில் வலித்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். மேட்டை எட்ட இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். காத்திருக்கும் இந்த நாள்களை ஒற்றைக் கால் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்.

வேகப்பந்து:

என் மகனின் தோளை அளந்து பார்த்தோம். எறியும் கை உள்நோக்கிச் சுழலும் அளவு மற்றக் கையைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது. பின்னோக்கிச் சுழல்வது அந்தக் குறைவை ஈடுகட்டும் அளவுக்கும் இல்லை. வலி இல்லை என்று நான் எழுதியது உண்மைதான், ஆனால் அளந்தவர் கவலைப்பட்டார். எடைப்பந்துகளை எடுத்து வைத்துவிட்டோம்.

ஹோம்பிளேட்:

எட்டாவது வாரம். இன்று மாலை, மருத்துவரின் ஒப்புதலோடு, பத்து மீட்டர் தூரத்தில் நின்று எனக்கு 25 பந்துகள் எறிந்தான். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கோடு போட்டது அவன்தான். இருபத்தைந்தாவதைப் போட்டுவிட்டு, இன்னும் ஐந்து எறியட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நாளை ஓய்வு என்று அவனே எழுதி நோட்டை மூடினான்.